மூங்கில் சிட்டு என்று ஒரு பெயர்

ஓசூர்ப் பக்கம் பைன் காடு கிடையாது. சவுக்குத் தோப்பைப் பைன் என்று நினைத்துப் படம் எடுப்பவர்கள் உண்டு, அது வேறு கதை. ஃபிஞ்ச் என்றதுமே பனியும் பைன் கிளையும் சேர்த்துத்தான் நமக்கு மனசில் வருகிறது. நான் ரோஸ்ஃபிஞ்சை முதலில் பார்த்தது தளியைத் தாண்டி, ஜவளகிரி போகிற சாலையோர உண்ணிச்செடிப் புதரில். டிசம்பர், காலை ஆறரை மணி. கம்பெனி பஸ் ஹெட்லைட்டோடு ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனது. பழுப்புக் கோடு போட்ட நாலைந்து பெட்டைகள். தலையும் மார்பும் சிவந்த ஒரே ஒரு ஆண். ஊர்க்குருவி அளவுதான் இருக்கும். இமயமலையிலும் சைபீரியாவிலும் ஐரோப்பா வரையிலும் கூடு கட்டுகிற இனம், குளிருக்கு இந்தியா வந்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்து ஜெர்டனைப் புரட்டினேன். தாமஸ் ஜெர்டன் 1836-இல் மெட்ராஸ் ராணுவத்தில் உதவி மருத்துவராகச் சேர்ந்தவர். 1862-க்கும் 1864-க்கும் இடையில் வந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூலில் உள்ளூர்ப் பெயர்களையும் சேர்த்திருக்கிறார் (எனக்கு அதில் பிடித்த விஷயமே அதுதான்). இந்தக் குருவிக்கு அவர் தரும் தெலுங்குப் பெயர் ‘யெத்ரு பிச்சிகே’. வெதுரு என்றால் மூங்கில், பிச்சுக என்றால் சிட்டு. தெற்கே மூங்கில் காட்டில்தான் அதிகம் பார்த்ததாகவும், மூங்கில் விதை தின்பதைப் பலமுறை கண்டதாகவும் எழுதுகிறார்.

அவர் நெல்லூரில் மருத்துவராக இருந்தவர். நெல்லூர்த் தெலுங்கு இங்கே எதற்கு என்று கேட்கலாம். ஓசூரில் பல வீடுகளில் இன்றும் தெலுங்குதான் பேச்சு. மலையிலும் அதே கல்மூங்கில்தான்.

அந்தப் பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. கல்மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் கூட்டமாகப் பூக்கும். விதை கொட்டிவிட்டுச் செத்துப்போகும். ஒரு ஆள் ஆயுசில் ஓரிரு தடவை பார்த்தால் அதிகம். அந்த நேரத்தில் சிவப்புத் தலையோடு வந்து இறங்குகிற குருவியைக் கவனித்து, அதற்கு மூங்கிலின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்றால், வைத்தவர்கள் காட்டுக்குள்ளேயே கிடந்தவர்கள். அதற்கு ஆயுதம் துப்பாக்கியோ பைனாகுலரோ இல்லை, ஞாபகம். ஜெர்டன் அதைக் கேட்டு எழுதிக்கொண்டார், சொன்னவர் யார் என்று எழுதவில்லை.

குருவிக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை. மூங்கில் விதை கிடைக்காத வருஷத்தில் உண்ணிப்பழம் தின்கிறது. உண்ணிச்செடியோ அமெரிக்காவிலிருந்து தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்தது. பெயர்தான் அநாதையாகிவிட்டது.

அடுத்த வாரம் அதே இடத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ‘வெதுரு பிச்சுக’ என்று சொல்லிப் பார்த்தேன். கேள்விப்பட்டதில்லை என்றார். எல்லாச் சின்னக் குருவியும் அவருக்குப் பிச்சுகதான். ஆனால் வெதுரு என்றதும் நின்றுவிட்டார். சின்ன வயசில் மூங்கில் பூத்த வருஷம், அவருடைய அம்மா முறத்தோடு போய் மூங்கிலரிசி கூட்டி வந்தாராம். குருவி நிறைய வந்ததா என்று கேட்டேன்.

“வராம? விரட்டினதே நாந்தான்.”