ஆயிரத்தில் ஒன்பது பங்கு

குழலின் வாய் வழியாக நிரப்பும் துப்பாக்கி இருந்த காலம் வரை ஈயக்குண்டுக்கு இரண்டு எதிரெதிர் வேலைகள் இருந்தன. உள்ளே போகும்போது குழலைவிடச் சிறுத்திருக்க வேண்டும். வெளியே பாயும்போது குழலை இறுகப் பிடித்திருக்க வேண்டும். ஆங்கிலேயர்களின் பழைய 'பிரவுன் பெஸ்' துப்பாக்கி முதல் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டது. அதன் குழல் 0.75 அங்குலம், குண்டு ஏறக்குறைய 0.69. சட்டென்று நிரப்பலாம். ஆனால் வெடிவாயு இடைவெளி வழியே வீணாகும், குண்டு குழலுக்குள் அங்குமிங்கும் முட்டிக்கொண்டு வெளியேறும், குறி தப்பும். 1800-இல் வந்த பேக்கர் ரைஃபிள் நேர்மாறானது. உட்சுவரில் சுருள் பள்ளங்கள் வெட்டிய அந்தக் குழலுக்குள், கொழுப்புத் தடவிய தோலில் பொதிந்த குண்டை இறுக்கித் திணித்தார்கள். தொடக்கத்தில் அதற்காக மரச் சுத்தியலே கொடுத்தார்கள். குறி தப்பவில்லை, ஆனால் நிரப்பும் வேகம் போயிற்று.

இந்தச் சிக்கலுக்கு விடை தென்னிந்தியாவில் கிடைத்தது என்கிறது ஆயுத வரலாறு. பிரிட்டிஷ் படையின் 34-ஆவது ரெஜிமென்டைச் சேர்ந்த கேப்டன் ஜான் நார்ட்டன், இங்கே மக்கள் வேட்டைக்குப் பயன்படுத்திய ஊதுகுழல் அம்புகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். அம்பின் அடியில் மெத்தென்ற சோற்றித் தக்கை இருந்தது. ஊதியதும் அது விரிந்து குழலை அடைத்துக்கொண்டது. காற்று பக்கவாட்டில் கசியவில்லை. 1823-இல் நார்ட்டன் அடிப்பக்கம் குடைந்த, நீள்வடிவக் குண்டு ஒன்றைச் செய்தார். வெடியின் அழுத்தம் குடைவுக்குள் புகுந்து ஈயத்தை விரிக்கும் என்பது அவர் கணக்கு. ராணுவம் அதை ஏற்கவில்லை. அந்த அம்பைச் செய்த வேட்டைக்காரரின் பெயரை யாரும் எழுதி வைக்கவும் இல்லை. என் வருத்தமெல்லாம் இந்த இரண்டாவதில்தான்.

1830-களின் நடுவில் வில்லியம் கிரீனர் என்ற துப்பாக்கிக் கைவினைஞர், குண்டின் குடைவில் ஒரு அடைப்பைச் செருகி அதே எண்ணத்தை மேம்படுத்தினார். அதையும் தள்ளிவிட்டார்கள். பிரெஞ்சு அதிகாரி கிளோட் எத்தியேன் மினியே 1840-களின் இறுதியில் இரும்புக் கிண்ணம் செருகிய குண்டோடு வந்ததும் பிரிட்டிஷ் அரசு 20,000 பவுண்டு கொடுத்து உரிமையை வாங்கியது. முதலில் எண்ணியவர் என்று கிரீனருக்கு 1857-இல் கொடுத்தது 1,000 பவுண்டு.

அடி விரியும் குண்டின் பெரும்பயணம் 1853-இல் என்ஃபீல்டு ரைஃபிளோடு தொடங்கியது. குழல் 0.577 அங்குலம். பிரிட்செட் வடிவமைத்த குண்டு 0.568. இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு, கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குள் குண்டைச் சுற்றிய காகிதமும் நுழைய வேண்டும். நாலைந்து முறை சுட்டதும் கருமருந்தின் கசடு குழலுக்குள் படியும். இடைவெளி இன்னும் சுருங்கும். வழுக்கலில்லாமல் குண்டு இறங்காது. அதனால்தான் காகிதத்தின் மேல் கொழுப்புத் தடவினார்கள். காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் கொட்டுவது அன்றைய பயிற்சிமுறை.

1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம் டம்மில் இந்தியச் சிப்பாய்களிடையே பேச்சு கிளம்பியது: தடவியிருப்பது பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு; ஒன்று இந்துவுக்கு ஆகாது, மற்றொன்று முஸ்லிமுக்கு ஆகாது. எந்த விலங்கின் கொழுப்பு என்று அதிகாரிகளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 3-ஆவது குதிரைப்படையின் 85 வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அன்று அவர்களிடம் நீட்டியது பழைய வகைத் தோட்டாதான். ஆனால் நம்பிக்கை ஏற்கெனவே உடைந்திருந்தது. மே 9 அன்று அவர்கள் காலில் விலங்கு ஏறியது. மறுநாள் மீரட் எரிந்தது. அவுத் அரசை ஆங்கிலேயர் இணைத்துக்கொண்டது, நிலவரி, படையின் சலுகைக் குறைப்பு என்று கோபத்துக்குக் காரணங்கள் பல. தோட்டா அவற்றில் ஒன்று. ஆனாலும் குழலையும் குண்டையும் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்தவர்கள், அதைக் கடிக்கப்போகிறவர் யார் என்று ஒரு நொடி யோசிக்காததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அளவும் சரியாக இல்லை. இந்திய வெயிலில் கொழுப்பு உருகிக் காகிதத்தில் ஊறியது. குண்டு பாதிவழியில் சிக்கியது. சில ஆண்டுகளில் குண்டை 0.550-ஆகச் சிறுத்து, தேன்மெழுகுக்கு மாறினார்கள். இடைவெளி மும்மடங்கானது. அடியில் செருகிய அடைப்பு குண்டை விரித்துவிடுவதால் குறியும் கெடவில்லை. இதைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் அவ்வளவு கொழுப்புக்குத் தேவையே இருந்திருக்காது.

இதே என்ஃபீல்டு அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு லட்சக்கணக்கில் கப்பலேறியது. அங்கே ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளின் குழல் 0.58. அதற்கு வார்த்த குண்டு கசடு படிந்த என்ஃபீல்டில் சிக்கிக்கொள்ளும். இரண்டு வகைத் துப்பாக்கியும் கலந்திருந்த தென்மாநிலப் படைக்கு இது ஓயாத தலைவலி.

1866-இல் ஸ்னைடர் முறை வந்து, அதே 0.577 குழலைப் பின்பக்கம் திறந்துவிட்டது. பின்னாலிருந்து நுழையும் குண்டு சிறுத்திருக்கத் தேவையில்லை. அதன்பின் வந்த ரைஃபிள்களில் குண்டு குழலின் உள்விட்டத்தைவிடச் சற்றுப் பெரியது. பள்ளங்களின் அடிவரை நிரப்பும். 0.303 லீ-என்ஃபீல்டின் குண்டு 0.311 அங்குலம். அதனால் பெயரில் உள்ள எண்ணை வைத்துக் குண்டின் விட்டத்தைச் சொல்லிவிட முடியாது. இஷாப்பூரில் செய்த 2ஏ1 ரைஃபிளின் தோட்டாவுக்கு 7.62 என்று பெயர். குண்டின் விட்டம் 7.82 மில்லிமீட்டர். திருச்சி ஆயுதத் தொழிற்சாலையின் டார் ரைஃபிளுக்குரிய ஏகே வகைத் தோட்டாவுக்கும் 7.62 என்றே பெயர். அதன் குண்டு ஏறக்குறைய 7.9 மில்லிமீட்டர், ஒன்றை மற்றொன்றில் போட முடியாது.