குனிந்து பார்க்கும் காமிரா

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பெரியவர் ஒரு நாள் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, பெட்டிக்குள்ளே எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தவறே இல்லை. நான் நின்ற கோலம் அப்படி. மார்போடு ஒரு கறுப்புப் பெட்டியை அணைத்துக்கொண்டு, அதன் மேல்மூடியைத் திறந்து, கிணற்றை எட்டிப் பார்க்கிறவனைப்போல் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றின் அடியில் பெரியவரேதான் தெரிந்தார். இடமும் வலமும் மட்டும் மாறியிருந்தன. நான் விசையை அமுக்கினேன். 'க்ளிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அது அவர் காதில் விழவில்லை.

அது பழைய யாஷிகா காமிரா. மேலும் கீழுமாக அதற்கு இரண்டு கண்கள். மேல் கண் நாம் பார்ப்பதற்கு. கீழ்க் கண் படம் பிடிப்பதற்கு. மேல் லென்ஸில் நுழையும் ஒளி, உள்ளே சாய்வாக வைத்த கண்ணாடியில் பட்டுத் திரும்பி, உச்சியில் உள்ள மங்கல் கண்ணாடியில் சித்திரமாக விழுகிறது. ஒரு சுருளில் 12 படம்தான். ஒவ்வொன்றும் 6 சென்டிமீட்டர்ச் சதுரம். வழக்கமான 35 மில்லிமீட்டர் பிலிமில் விழும் படத்தைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் பரப்பு. இந்தப் பிலிமுக்கு 120 என்று பெயர். கோடக் கம்பெனி இதை வெளியிட்டது 1901-ல். எத்தனையோ பிலிம்கள் பிறந்து மறைந்துவிட்டன. இந்தக் கிழம் மட்டும் இன்றும் கடையில் கிடைக்கிறது.

யாஷிகா ஜப்பானியச் சரக்கு. ஆனால் இந்த வம்சத்தின் புகழ் ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் ஆரம்பமாயிற்று. 1920-ல் பால் ஃபிராங்கே, ரைன்ஹோல்ட் ஹைடெக்கே என்ற இருவர் அங்கே கூட்டாக ஒரு தொழில் தொடங்கினார்கள். முன்னவர் வியாபாரம் தெரிந்தவர். பின்னவர் யந்திரம் தெரிந்தவர். முதலில் அவர்கள் செய்தது மூன்று கண் காமிரா. ஓரத்துக் கண்கள் இரண்டும் இரட்டைப் படம் எடுக்கும், நடுக்கண் பார்வைக்கு. அந்த மூன்றில் ஒன்றைக் கழித்து, மீதி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் என்ன? 1929-ல் ரோலிபிளெக்ஸ் பிறந்தது. இரு கண் காமிரா அதற்கு முன்பும் இல்லாமல் இல்லை. 19-ம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஆனால் அவை பருமனான மரப்பெட்டிகள். கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கும்படி செய்தது இவர்கள் சாமர்த்தியம்.

இந்தக் காமிராவுக்கு ஒரு குணம் உண்டு. பொதுவாகப் படம் எடுக்கிறவன் கருவியைக் கண்ணுக்குத் தூக்குவான். துப்பாக்கி நீட்டுகிறவனைக் கண்டதுபோல் எதிரே நிற்பவர் விறைத்துப் போவார். இதிலோ, எடுக்கிறவன்தான் தலை குனிய வேண்டியிருக்கிறது. பார்க்கப்போனால் வணக்கம் சொல்வதுபோலவே இருக்கும். இன்னொரு விஷயம்: தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் லென்ஸை இதில் மாற்றிப் போட முடியாது. ஜப்பானியரின் மாமியா போன்ற ஒன்றிரண்டுதான் இதற்கு விலக்கு. யாரைப் படம் பிடிக்க வேண்டுமோ, அவர் அருகில் போயே தீர வேண்டும்.

அப்படி அருகில் போனவர்களில் மூன்று பெண்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஒருவர் லீ மில்லர். அமெரிக்கப் பெண், அழகுக்காகப் பத்திரிகை அட்டையில் இடம் பெற்றவர். இரண்டாவது உலக யுத்தத்தின்போது 'வோக்' என்ற நாகரிக உடைப் பத்திரிகையின் நிருபராகப் போர்முனைக்குப் போனார். 1945 ஏப்ரலில் பூஹன்வால்ட், டாஹௌ சிறை முகாம்கள் திறக்கப்பட்ட நாட்களில், கழுத்தில் ரோலிபிளெக்ஸுடன் உள்ளே நுழைந்தார். அங்கே குவிந்து கிடந்த பிணங்களை எட்ட நின்று எடுக்க அந்தக் காமிரா இடம் கொடுக்காது. பக்கத்தில் போய்த் தலை குனிந்தார். ஜெர்மானியரின் கொடுமைக்கு ஜெர்மானியர் செய்த கண்ணே சாட்சி ஆயிற்று.

இரண்டாமவர் நம் நாட்டு ஹோமாய் வியாரவல்லா. 1913-ல் குஜராத்தில் பிறந்த பார்ஸிப் பெண்மணி. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று பெயர் பெற்றவர். சேலை கட்டிக்கொண்டு டில்லியில் சைக்கிளில் போய்ப் படம் எடுத்தவர். சுதந்திரம் வந்ததையும், மவுன்ட்பேட்டன் பிரபு விடை பெற்றதையும், காந்தியடிகளின் இறுதி யாத்திரையையும் அவர் காமிராக்கள் கண்டன. அவற்றில் ரோலிபிளெக்ஸும் ஒன்று. 1970-ல், "போதும்" என்பதுபோல் தொழிலை விட்டுவிட்டார். பத்ம விபூஷண் அவரைத் தேடி வந்தது 2011-ல். அடுத்த வருஷம் காலமானார்.

மூன்றாமவர் கதைதான் என்னைத் தூங்கவிடாதது. விவியன் மேயர் சிகாகோ நகரத்தில் பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தாதியாக இருந்தவர். 1950-களின் தொடக்கத்தில் ஒரு ரோலிபிளெக்ஸ் வாங்கினார். ஓய்ந்த நேரமெல்லாம் தெருத் தெருவாக நடந்து படம் எடுத்தார். குடிகாரன், கிழவி, அழும் குழந்தை, கடைக் கண்ணாடியில் தெரியும் தன் முகம் என்று ஒரு லட்சத்துக்கும் மேல். ஏறக்குறைய எதையும் யாருக்கும் காட்டவில்லை. ஏராளமான சுருள்களைக் கழுவிக்கூடப் பார்க்கவில்லை. வாடகை பாக்கிக்காக 2007-ல் அவர் பெட்டிகள் ஏலத்துக்குப் போயின. 2009-ல் அவர் இறந்தார். அதற்குப் பிறகே உலகம் அவரைக் கொண்டாடியது.

கொண்டாடியவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் ஒரு கேள்வி உறுத்துகிறது. அவர் காட்டாமல் வைத்ததை நாம் பார்க்கலாமா? லீ மில்லரும் பிற்காலத்தில் தம் படங்களைப் பரண்மேல் போட்டுவிட்டார். 1977-ல் அவர் இறந்த பிறகே, சுமார் 60,000 படங்களும் நெகட்டிவ்களும் பெட்டி பெட்டியாக வெளியே வந்தன. ஆனால் அவர் கண்ட கொடுமை யுத்தம் முடிந்த வருஷமே பத்திரிகையில் வெளியாகி ஊரறிந்தது. அதை மறைத்தால்தான் பாவம். சிகாகோ கிழவியின் கண்ணீர் அப்படியா? கிழவியும் சம்மதிக்கவில்லை, எடுத்தவரும் சம்மதிக்கவில்லை. தலை குனிந்து நிற்பது பணிவும் ஆகலாம், களவும் ஆகலாம். கதை எழுதுகிறவனுக்கு இது புதிதல்ல. நாங்களும் குனிந்த தலையோடுதான் அடுத்தவர் வீட்டைப் பார்க்கிறோம்.

ரோலிபிளெக்ஸின் கதை சுருக்கமாக முடிந்துவிடும். மலிவான ஜப்பானியக் காமிராக்கள் அதைத் துரத்தின. பிறகு கண்ணுக்குத் தூக்கிப் பார்க்கும் ஒற்றை லென்ஸ் காமிராக்கள் இந்த வம்சத்தையே ஓரங்கட்டின. 1981-ல் கம்பெனி திவாலாயிற்று. அதற்குப் பின்னும் வேறு கைகளில் கொஞ்ச காலம் உயிர் ஊசலாடியது, அவ்வளவுதான்.

இஸ்திரிப் பெரியவரிடம் வருகிறேன். படத்தைக் கழுவி, பெரிதாக்கி, மறு மாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சூடான பெட்டியின்மேல் சாய்ந்த கையும், வியர்த்த வெற்று மார்பும், எங்கோ போய்விட்ட கண்களும் அதில் இருந்தன. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அவர் வெகு நேரம் பார்த்தார்.

"இவ்வளவு களைச்சுப் போயா தம்பி நான் இருக்கேன்?" என்றார். பிறகு, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சட்டை போட்டிருப்பேனே" என்றார்.

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். மடிப்புக் கலையாத சட்டை, அவரே தேய்த்தது. விறைப்பாக நின்ற அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். அது இன்று அவர் வீட்டுச் சுவரில், சுவாமி படத்துக்கு அடுத்தாற்போல் இருக்கிறது.

முதல் படத்தை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு பத்திரிகையில் அதைக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. என் மேஜை இழுப்பறையில், கவிழ்த்துப் போட்டபடி கிடக்கிறது. எனக்குப் பிறகு அந்த இழுப்பறையை யார் திறப்பார்களோ!