ஓடா என்பது ஆளல்ல, ஊர்



பல வருடம் முன்பு பன்னிரண்டாம் வகுப்பில் உரங்கள் பற்றி நடத்தும்போது, புத்தகத்தில் இல்லாத ‘ஓடா முறை’யையும் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, “ஓடாங்கிறது யாரு சார்?” என்றான். “ஒரு விஞ்ஞானி. உட்காருப்பா” என்றேன். தெரியாது என்று சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை.

ஓய்வுக்குப் பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது, ஓடா ஒரு ஊர். நார்வேயின் மேற்கே, ஹார்டாங்கர் ஃபியோர்டின் ஒரு கிளையான சோர்ஃபியோர்டின் கோடியில் இருக்கிறது. ஃபியோர்டு என்றால், பனியாறு அரித்த ஆழமான பள்ளத்தாக்கில் கடல் புகுந்து நிற்பது. இருபுறமும் செங்குத்து மலை, நடுவே உப்புத் தண்ணீர். தமிழில் ‘ஓடா’ என்றால் ஓடாதது. ஆனால் இந்த ஊர் பிழைத்ததே ஓடுகிற தண்ணீரால்தான்!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பெரிய ஓட்டல்கள் இருந்தன. பனியாற்றையும் லோட்டெஃபோஸ் அருவியையும் பார்க்க ஐரோப்பியப் பணக்காரர்கள் கப்பலில் வந்தார்கள். ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் பல கோடைகளில் வந்து போனார். அப்போது ஓடா, உல்லென்ஸ்வாங் என்ற ஊராட்சியின் ஒரு மூலை, அவ்வளவுதான். உல்லென்ஸ்வாங் பழத்தோட்ட விவசாயிகளின் பூமி.

1906இல் பக்கத்துத் திஸ்ஸெடாலில் நீர்மின் நிலையம் கட்டத் தொடங்கினார்கள். 1908இல் மின்சாரம் வந்தது. அதே வருடம் ஓடாவில் கார்பைட் ஆலை ஓடத் தொடங்கியது. கார்பைட் உங்களுக்குத் தெரியும், மாம்பழத்தைப் பழுக்க வைக்கக் கூடாது என்று நான் தலைப்பாடாகச் சொன்ன அதே சரக்குதான். சுண்ணாம்பையும் கரியையும் சுமார் 2000 டிகிரி சூட்டில் மின் உலையில் உருக்க வேண்டும். அதற்கு மலிவான மின்சாரமும், உறையாத ஆழத் துறைமுகமும் தேவை. இரண்டும் ஓடாவில் இருந்தன. வெளியூர்களிலிருந்து தொழிலாளிகள் வந்து குவிந்தார்கள். ஐந்தே வருடத்தில், 1913இல், ஓடா தாய் ஊராட்சியிலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போனது.

1921இல் ஆலை நின்றது. சந்தை சரிந்துவிட்டது. சில வருடம் கழித்து ‘ஓடா ஸ்மெல்ட்டவெர்க்’ என்ற பெயரில் மறுபடி எழுந்தது. அங்கே வேலை பார்த்த எர்லிங் ஜான்சன் என்ற வேதியியலாளர் 1927-28 வாக்கில் கண்டுபிடித்ததுதான் நம்ம ‘ஓடா முறை’. பாஸ்பேட் பாறையை நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறோம். கரைசலைக் குளிர வைத்தால் கால்சியம் நைட்ரேட் படிகமாகப் பிரிந்துவிடும். அதுவே ஒரு உரம். மீதியை அம்மோனியாவால் நடுநிலையாக்கி, பொட்டாஷ் சேர்த்தால் என்.பி.கே. கந்தக அமிலம் வேண்டாம், ஜிப்சம் கழிவு மலையாகக் குவியாது. விஞ்ஞானி ஜான்சன், பெயர் மட்டும் ஊருக்குப் போய்விட்டது. நான் நேர்மாறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். 1929இலிருந்து அங்கே துத்தநாக ஆலையும் ஓடுகிறது. அதன் கழிவு நேராக ஃபியோர்டுக்குள் போனது. காட்மியம், ஈயம், பாதரசம் எல்லாம் சேர்ந்து, 1970களில் உலகிலேயே உலோகக் கழிவால் மிக மோசமாகக் கெட்ட ஃபியோர்டுகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது சோர்ஃபியோர்டு. அதே கரையில்தான் ஆப்பிள் தோட்டங்களும்! 1986 முதல் கழிவை மலையைக் குடைந்த குகைகளில் அடைக்கிறார்கள். அறுபது வருடம் போல ஆகியிருக்கிறது அதற்கு. சோறு போட்ட ஆலையை எதிர்த்துப் பேச யாருக்கு மனம் வரும்? அந்த ஜனங்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

கார்பைட் ஆலை 2003இல் ஒரேயடியாக மூடப்பட்டது. பழைய கட்டடங்களை இடிப்பதா, நினைவுச்சின்னமாக வைப்பதா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.

2020 ஜனவரி 1இல் ஓடா, உல்லென்ஸ்வாங், யோண்டால் மூன்றையும் ஒன்றாக்கினார்கள். ஓடாவின் மக்கள்தொகை பழைய உல்லென்ஸ்வாங்கைப் போல இரண்டு மடங்கு. ஆனாலும் புதிய ஊராட்சிக்கு வைத்த பெயர் உல்லென்ஸ்வாங். 107 வருடம் கழித்து மகள் தாய் வீட்டுக்கே திரும்பிவிட்டாள். அலுவலகம் மட்டும் ஓடாவில்.

இப்போது மறுபடி சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், மலையிலிருந்து நாக்கு நீட்டியது போல நிற்கும் ‘ட்ரோல்துங்கா’ பாறையில் நின்று படம் எடுக்க. பேரப்பிள்ளைகள் போனில் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தில் கீழே நீலமாகத் தெரிகிறதே ரிங்கெடால் ஏரி, அது திஸ்ஸெடால் மின்சாரத்துக்காக அணை கட்டித் தேக்கிய தண்ணீர்.

கடைசி பெஞ்சில் இருந்த தம்பி, நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாது. யாராவது அவனிடம் இந்தப் பதிவைச் சேர்த்துவிடுங்கள். அன்று உட்காரச் சொல்லியிருக்கக் கூடாது.