தாலியும் தாளும்: மலேசியத் தமிழ்ப் பெண்ணின் திருமண உரிமை

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பது நம் பெரியோர் வாக்கு. பயிர் என்றால் அதற்கு வேலியும் வேண்டுமல்லவா? நாற்று நட்டால் மட்டும் போதுமா? மலேசியத் தமிழ்ப் பெண்ணின் இல்லற வாழ்வுக்குச் சட்டம் என்னும் வேலி எப்பொழுது, எப்படிக் கிடைத்தது என்பதைச் சற்றே காண்போம்.

எகிப்து காட்டும் பாடம்

முதலில் பழைய எகிப்து நாட்டிற்குப் போய் வருவோம். அங்கே திருமணத்திற்கென்று கோயில் சடங்கோ அரசாங்கப் பதிவோ இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் குடித்தனம் தொடங்கினால் அதுவே கல்யாணம். ஆனால் சொத்து விஷயத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள். மணமான பெண்ணும் தன் பெயரிலே சொத்து வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், வழக்காடலாம்.

இன்றைக்கு ஏறக்குறைய 3,100 ஆண்டுகளுக்கு முன், அரசர்களின் கல்லறைகளைக் கட்டிய தொழிலாளர் கிராமம் ஒன்றில் நவுனக்தே என்னும் மூதாட்டி வாழ்ந்தாள். எட்டுப் பிள்ளைகளைப் பெற்றவள். முதுமையில் தன்னைக் கவனிக்காத பிள்ளைகளுக்குத் தன் சொந்தச் சொத்தில் பங்கில்லை என்று, சாட்சிகள் முன்னிலையில் பாப்பிரசுத் தாளில் உயில் எழுதி வைத்தாள். அந்த உயில் இன்றும் இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவளுக்குத் தாலி இல்லை. ஆனால் தாள் இருந்தது. நம் கதையோ இதற்கு நேர்மாறானது.

தோட்டத்துக் கல்யாணம்

ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்களே. 1921ஆம் ஆண்டில் மலாயாவில் ஆயிரம் இந்திய ஆண்களுக்குச் சுமார் 400 பெண்களே இருந்தனர். 1938இல் இந்திய அரசாங்கம் தோட்டக் கூலிகளை அனுப்புவதை நிறுத்திய பிறகு, இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் பெருகின. 1947இல் அந்த எண்ணிக்கை 640ஐ நெருங்கியது.

சிகாமட், குளுவாங், கூலாய் என்று நம் ஜொகூரின் தோட்டங்களிலும் மாரியம்மன் கோயில் முன்னே பந்தல் போட்டு, கங்காணியும் ஊர்ப் பெரியவர்களும் பார்த்திருக்கத் தாலி கட்டுவார்கள். ஊரே சாட்சி. அதிலே குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு தோட்டத்துச் சாட்சி அடுத்த தோட்டத்துக்கு வருமா? கணவன் வேறு இடம் போய் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தினால், "நான்தான் அவர் சம்சாரம்" என்று காட்ட இவளிடம் என்ன இருந்தது? கழுத்திலே தாலி இருந்தது. கையிலே தாள் இல்லை. அக்காலத்தில் இந்து வழக்கப்படி ஓர் ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை மணப்பதற்குத் தடையும் இல்லை.

உழைப்பிலும் அவளுக்குச் சமநிலை இல்லை. 1928இல் தோட்டத் தொழிலாளருக்குக் கூலி நிர்ணயித்தபோது, போக்குவரத்து வசதியுள்ள இடங்களில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியுமுன் எழுந்து சோறாக்கி, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் பால் மரம் வெட்டப் போனவள் அவள்!

1982 மார்ச் முதல் நாள்

முஸ்லிம் அல்லாதாரின் திருமணச் சட்டங்களை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணைக் குழுவின் பணிக்குப் பின், 1976இல் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்த நாள் 1982 மார்ச் 1. நம் வீட்டுப் பெண்களின் வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய நாள் அது.

அன்று முதல் ஒருவனுக்கு ஒருத்தி என்பது அறிவுரையாக மட்டுமின்றிச் சட்டமாகவும் ஆயிற்று. திருமணத்தைப் பதிவு செய்வது கடமையாயிற்று. அதற்கு முன் முறைப்படி நடந்த திருமணங்கள் பதிவானவையாகவே கருதப்பட்டன. மணவயது 18 என்று வகுக்கப்பட்டது. 16 வயது நிறைந்த பெண்ணுக்கு மாநில முதல்வர், அதாவது நம் ஜொகூரில் மந்திரி பெசார், அனுமதி தந்தால் மட்டுமே விலக்கு. மணமுறிவு நேர்ந்தால் ஜீவனாம்சம் கேட்கவும், மணவாழ்வில் சேர்த்த சொத்தில் பங்கு கேட்கவும் மனைவிக்கு வழி பிறந்தது.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. உயில் எழுதாமல் மனைவி இறந்தால் அவள் சொத்து முழுவதும் கணவனுக்கே. கணவன் இறந்தாலோ, பிள்ளைகள் உள்ள மனைவிக்கு மூன்றில் ஒரு பங்குதான். இந்த ஓரவஞ்சனை 1997இல்தான் திருத்தப்பட்டது. தந்தையைப் போலவே தாய்க்கும் பிள்ளைகள்மீது சமமான காப்பாளர் உரிமை 1999இல் கிடைத்தது. பெற்று வளர்த்தவளுக்கு அந்த உரிமை வர எத்தனை காலம் பாருங்கள்!

சிந்திக்க வேண்டியது

இவ்வளவு இருந்தும், "தாலி கட்டியாச்சே, அப்புறம் ரிஜிஸ்டர் எதுக்குங்க?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. தாலி மனத்துக்கு, தாள் உரிமைக்கு. ஒன்று மற்றொன்றுக்குப் பகையில்லை. துணைப் பதிவாளராக நியமனம் பெற்றவர்கள் கோயிலிலேயே சடங்கையும் பதிவையும் சேர்த்து நடத்தித் தருகிறார்கள்.

பதிவு இல்லாவிட்டால் வரும் துன்பம் தாயோடு நிற்பதில்லை. தந்தை குடிமகனாக இருந்தாலும், தாய் குடியுரிமை இல்லாதவளாக இருந்து திருமணமும் பதிவாகாமல் போனால், பிள்ளையின் குடியுரிமையே சிக்கலாகிவிடுகிறது. பெரியவர்களின் அசட்டையால், பள்ளிக்கூட வாசலில் பத்திரம் இன்றி நிற்பது ஒன்றுமறியாத குழந்தை. இது நியாயமா?

பெற்றோர்களே, கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கும் முன்பே பதிவுக்கு நாள் பாருங்கள். மாணவியரே, முதலில் படிப்பை முடியுங்கள். மணநாளிலே மாலையோடு பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். எழுத்தின் மதிப்பை மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நவுனக்தே பாட்டி அறிந்திருந்தாள். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட நாம் அறியாமல் இருக்கலாமா?