காவல்துறை அதிகார மீறலும் இளையோரும் (சேலம் – நாமக்கல் வட்டாரம்)

சட்டம் கொடுத்த அதிகாரத்தைச் சட்டம் வகுத்த எல்லைக்கு வெளியே, வயதில் இளையவர்கள் மேல் காவலர்கள் செலுத்துவதை இத்தலைப்பு குறிக்கிறது. வழியில் நிறுத்தி வண்டிச் சாவியைப் பிடுங்குவது, தலைமுடி பிடிக்கவில்லை என்று சலூனுக்கு இழுத்துப் போய் ஒட்ட வெட்டிவிடுவது, வழக்கு எதுவும் எழுதாமல் நிலையத்தில் ஜட்டியோடு உட்கார வைப்பது, அடிப்பது, பின்னர் சந்தேக வழக்கோ தடுப்புக்காவலோ போடுவது என இது பல படிகளில் நிகழ்கிறது. சேலம் நகருக்கு வடக்கே, கோரிமேட்டைத் தாண்டி ஏற்காடு அடிவாரம் போகும் வழியில் இருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியையும் அதைச் சுற்றிய சேலம், நாமக்கல் சமவெளியையும் மையமாகக் கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

தோற்றம்

இந்த வட்டாரத்தில் காவலும் வரிவசூலும் நெடுங்காலம் ஒரே கையில் இருந்தன. 1816இல் சென்னை மாகாண அரசு கொண்டுவந்த ஒழுங்குமுறைச் சட்டம் தாசில்தாரையே காவல் தலைவராகவும் ஆக்கியது. நிலவரி பாக்கியைக் கேட்பவரும், திருட்டை விசாரிப்பவரும், ஆளைக் கட்டி வைப்பவரும் ஒருவரே. விளைவு என்னவாக இருந்தது என்பதற்கு அரசின் ஆவணமே இருக்கிறது. 1854இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் சென்னை மாகாணச் சித்திரவதைகள் பற்றிப் பேச்சு எழ, எட்வர்ட் எலியட், எச். ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1855இல் வந்தது.

அறிக்கை படிக்கக் கடினமானது. விரல்களைக் கிட்டியில் வைத்து நெரிப்பது, கழுத்தைக் கயிற்றால் கால் பெருவிரலோடு பிணைத்துக் குனியவைத்து வெயிலில் நிறுத்துவது, முதுகில் கல் ஏற்றுவது, கண்ணில் மிளகாய்ப்பொடி இடுவது என்று வகைவகையாக அது எழுதிச் செல்கிறது. இந்தக் கொடுமைக்கு ஆளானவர்கள் பெரும்பாலும் குடியானவர்கள். செய்தவர்கள் சில ரூபாய் சம்பளத்துச் சேவகர்கள். மேலே இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை என்று குழு முடிவு கட்டியது. 1857இல் நியூயார்க் டெய்லி டிரிபியூன் இதழில் இந்த அறிக்கையை எடுத்தாண்டு எழுதிய கார்ல் மார்க்ஸ் அந்த முடிவை ஏற்கவில்லை. ஏற்க வேண்டிய காரணமும் இல்லை: கலெக்டருக்கு வசூல் வேண்டியிருந்தது, வசூல் வந்த வழியை அவர் கேட்கவில்லை.

அறிக்கையின் தொடர்ச்சியாக 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் பிறந்தது. வருவாய்த் துறையிலிருந்து காவல் பிரிக்கப்பட்டது. வில்லியம் ராபின்சன் புதிய காவல்துறையின் முதல் தலைவரானார். இன்றைய தமிழ்நாடு காவல்துறை இந்தச் சட்டத்தின் வழிவந்தது. சித்திரவதையை ஒழிக்கவென்றே உருவாக்கப்பட்ட துறை இது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

அடுத்த திருப்பம் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வட இந்தியாவில் தொடங்கி 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. பிறந்த குடியைக் கொண்டே ஒருவரைக் குற்றவாளிப் பட்டியலில் ஏற்றலாம், கைரேகை எடுக்கலாம், இரவில் நிலையத்துக்கு வந்து படுக்கச் சொல்லலாம், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கலாம். சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர் என்று ஊர்ப்பெயரோடு இன்றும் அரசின் சீர்மரபினர் பட்டியலில் நிற்கும் பெயர்கள் அக்காலத்தின் எச்சம். சென்னை மாகாணம் 1947இல் சட்டத்தை நீக்கியது. ஆனால் ஊரில் நகை காணாமல் போனால் குறவர் குடியிருப்புக்கு ஜீப் போகும் வழக்கம் சட்டத்தோடு போகவில்லை.

1882 கலவர வழக்கு

சேலத்தின் பழைய வழக்குகளில் தனியே குறிப்பிடத்தக்கது 1882இன் இந்து–முஸ்லிம் கலவரத்தை ஒட்டியது. கலவரத்தைத் தூண்டியதாகக் கைது செய்யப்பட்டவர்களில் ஒருவர், அப்போது 30 வயதான வழக்கறிஞரும் நகராட்சி உறுப்பினருமான சி. விஜயராகவாச்சாரியார். பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவர் அத்தோடு நிற்கவில்லை. நகராட்சிப் பதவியைப் பறித்ததற்காக அரசின் மீதே வழக்குப் போட்டு 100 ரூபாய் நஷ்டஈடு வாங்கினார். அந்தமானுக்கு அனுப்பப்பட்ட மற்றவர்களின் விடுதலைக்காக ரிப்பன் பிரபு வரை போனார். 1920இல் நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவர் இவரே.

அவருக்குத் துணைநின்ற வழக்கறிஞர் எர்ட்லி நார்ட்டன், 1855 சித்திரவதைக் குழுவின் ஜான் புரூஸ் நார்ட்டனுடைய மகன். தந்தை எழுதிய அறிக்கையால் உருவான காவல்துறை தொடுத்த வழக்கில் மகன் எதிர்த்தரப்பில் நின்றிருக்கிறார்.

விடுதலைக்குப் பின்

1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் கொல்லப்பட்டனர். சுட்டது சிறைத்துறை என்பதால் காவல்துறை வரலாற்றில் பலர் இதைச் சேர்ப்பதில்லை. அரசியல் காரணத்துக்காக அடைக்கப்பட்டவர்கள் அரசின் காவலில் இறந்தார்கள் என்பதே இங்கு கணக்கு.

வாச்சாத்தி அதைவிட விரிவாக ஆவணமான நிகழ்வு. 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த தர்மபுரியில், அரூர் அருகே உள்ள இந்தப் பழங்குடி ஊருக்குள் 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து நுழைந்தன. வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டனர். அவர்களில் பள்ளி வயதுச் சிறுமியும் இருந்தாள். பெண்களும் குழந்தைகளும் சேலம் சிறைக்குக் கொண்டுவரப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம், அதற்குள் இறந்துவிட்ட 54 பேர் போக மீதி 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதில் 84 பேர் காவல்துறையினர். பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே தேதியில் உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. அன்று சிறுமியாக இருந்தவள் தீர்ப்பு உறுதியானபோது நடுவயதைத் தொட்டிருந்தாள்.

மாணவி வளர்மதி வழக்கு, 2017

கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு மிக அருகில் நடந்து மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது இந்த வழக்கு. பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்துக்கொண்டிருந்த 23 வயது மாணவி வளர்மதி, எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் நடந்த போராட்டங்களுக்கு ஆதரவு கேட்டுச் சேலம் அரசு மகளிர் கலைக் கல்லூரி அருகே துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தபோது 2017 ஜூலை 12 அன்று கைது செய்யப்பட்டார். ஐந்து நாள் கழித்து, ஜூலை 17 அன்று, அவர் மேல் குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. கோவைச் சிறையில் அடைக்கப்பட்டார். பல்கலைக்கழகம் இடைநீக்கம் செய்தது. அவர் மேல் ஏற்கெனவே பல வழக்குகள் இருக்கின்றன, மாணவர்களைத் தூண்டிவிடுகிறார் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி கே. பழனிசாமி சட்டமன்றத்தில் விளக்கம் தந்தார்.

கையில் துண்டறிக்கை வைத்திருந்த மாணவியைக் குண்டர் என்று வகைப்படுத்த முடிந்தது எப்படி என்பதை அறியச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டமான இது எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. முதலில் அதன் வலையில் இருந்தவர்கள் கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், விபச்சாரத் தொழில் நடத்துவோர், குடிசைப்பகுதி நிலம் பறிப்போர். பிறகு வனக் குற்றவாளிகள் சேர்க்கப்பட்டனர். 2004இல் திருட்டு வீடியோ எடுப்போரும், அதன் பின் மணல் கடத்துவோரும் வந்தனர். 2014இல் இணையவழிக் குற்றவாளிகளும் பாலியல் குற்றவாளிகளும். 2014 திருத்தம் இன்னொன்றையும் செய்தது. குண்டர் என்று சொல்ல ஒருவர் திரும்பத் திரும்பக் குற்றம் செய்தவராக இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையைத் தளர்த்தி, முதல் வழக்கிலேயே அடைக்க வழி விட்டது. உத்தரவை அரசு 12 நாளுக்குள் ஏற்க வேண்டும். மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். அதிகபட்சம் ஓராண்டு அடைத்து வைக்கலாம். இவ்வளவுக்கும் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை. அறிவுரைக் கழகத்தின் முன் வாதாட வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையும் இல்லை.

உத்தரவு போடுவது யார் என்பதும் முக்கியம். மாவட்டங்களில் அந்த அதிகாரம் ஆட்சியரிடம் இருக்கிறது. காவல் ஆணையரகம் உள்ள நகரங்களில் ஆணையரிடம் இருக்கிறது. சேலம் 1990இல் ஆணையரகமானது. ஆகவே நகர எல்லைக்குள் பிடித்ததும் காவல்துறை, வழக்கு எழுதியதும் காவல்துறை, தடுப்புக்காவல் உத்தரவிட்டதும் காவல்துறை. 1816இன் தாசில்தாரைப் போல எல்லாம் ஒரே கையில் வந்து சேர்கிறது.

தந்தை தாக்கல் செய்த ஆட்கொணர்வு மனுவின் பேரில் உயர் நீதிமன்றம் 2017 செப்டம்பர் 5 அன்று உத்தரவை ரத்து செய்தது. மறு ஆண்டு ஜூனில், 277 கிலோமீட்டர் சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்கு நிலம் அளக்க வந்தவர்களை எதிர்த்த ஊர்மக்களோடு நின்றபோது, அச்சாங்குட்டப்பட்டியில் வளர்மதி மீண்டும் கைதானார். அதே வாரத்தில் சூழலியல் செயற்பாட்டாளர் பியூஷ் மானுஷும் நடிகர் மன்சூர் அலி கானும் கைது செய்யப்பட்டிருந்தனர். நிலத்தைக் கட்டிப்பிடித்து அழுத கிழவிகளையும் கல்லூரிப் பிள்ளைகளையும் வேனில் ஏற்றிய காட்சிகள் அந்த மாதம் தொலைக்காட்சிகளில் தொடர்ந்து வந்தன.

நிலையத்துக்குள்

பெரிய வழக்குகளுக்கு ஆவணம் உண்டு. அன்றாட மீறலுக்கு இல்லை. அதுதான் அதன் பலம். “சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடுறோம்மா” என்று சொல்லிப் பையனை வண்டியில் ஏற்றும் நேரத்துக்கும், கைது என்று தாளில் எழுதப்படும் நேரத்துக்கும் இடையே உள்ள மணிகளிலேயே எல்லாம் நடக்கிறது. அந்த நேரத்தில் அவன் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அம்மா நிலைய வாசலில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நிற்பார். உள்ளே அப்படி யாரும் இல்லை என்று பதில் வரும். 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக் குறிப்பு, சாட்சிக் கையெழுத்து, உறவினருக்குத் தகவல் என்று விதிகளை வகுத்தது இந்த இடைவெளியை அடைக்கத்தான்.

பிறகு மாவுக்கட்டு. பிடிபட்ட இளைஞன் கழிப்பறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்ற குறிப்போடு, கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டும் படம் கைபேசிகளில் சுற்றும். பார்ப்பவர்களில் பலர் கைதட்டுகிறார்கள் என்பது இதன் வேதனையான பக்கம். காவல் நிலையக் கழிப்பறைகளில் கைதிகள் மட்டும் எப்படி வழுக்கி விழுகிறார்கள் என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது.

மருத்துவரும் நடுவரும் கைதானவனைக் கண்ணால் பார்த்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம் வைத்த இரு வாய்ப்புகள். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் கடை அடைக்க நேரமானது என்ற பெயரில் பிடிக்கப்பட்ட 31 வயது பென்னிக்ஸும் தந்தை ஜெயராஜும் இரண்டையும் கடந்து கோவில்பட்டிக் கிளைச் சிறைக்குப் போனார்கள். அங்கிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு அடுத்தடுத்து இறந்தார்கள். காவலர்களுக்கு உதவியாளராக இளைஞர்களைச் சேர்த்த ‘காவல்துறை நண்பர்கள்’ அமைப்பு அதன் பிறகே நிறுத்தப்பட்டது.

நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலத்தில் திருட்டு விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்ட கருப்பூர் மாற்றுத்திறனாளி ஒருவர் 2022 ஜனவரியில் சேலம் அரசு மருத்துவமனையில் இறந்தார். அவர் இளைஞர் அல்லர். ஆனால் கருப்பூரும் இதே சேலம் வட்டாரத்து ஊர்தான். அங்குள்ள பையன்களுக்கு ஜீப் என்றால் என்ன நினைவு வரும் என்பதை இது சொல்லும்.

சிறார் சட்டம்

18 வயதுக்குக் கீழ் இருப்பவரை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். விலங்கு மாட்டக் கூடாது. ஒவ்வொரு நிலையத்திலும் குழந்தை நல அலுவலராக ஒருவர் இருக்க வேண்டும். செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் 31 அன்று 17 வயதுச் சிறுவன் அடித்துக் கொல்லப்பட்டதையடுத்து, இல்லங்களைச் சீரமைக்க நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டு 2023இல் அறிக்கை தந்தது.

தற்போதைய நிலை

நிலையங்களில் கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளியான இளைஞர் அஜித்குமார், காவல்துறைத் தனிப்படையினர் தாக்கியதில் இறந்தார். ஆனால் அவரை நிலையத்துக்கு வெளியே வைத்தே அடித்தார்கள்; நிலையக் கேமராவால் அங்கே பயனில்லை. ஐந்து காவலர்கள் கைதாயினர்; வழக்கு சிபிஐக்குப் போனது. சேலத்தில் இலவச வழக்கறிஞர் கேட்போர் அஸ்தம்பட்டி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். சிறார் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்கலாம்.