மழைக்குக் குடுத்த விலை

வைகாசி பிறந்தால் எங்கட பக்கம் கச்சான் காற்றுத்தான். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்கி வருகிற காற்று அது. முகத்தில் பட்டால் அடுப்படியில் நிற்கிற மாதிரி இருக்கும். அந்த வெக்கைக்குள்தான் கண்ணகி அம்மன் கோயில்களின் கதவு திறக்கும். செட்டிபாளையம், மகிழூர், கல்லாறு, இன்னும் தெற்கே காரைதீவு, தம்பிலுவில் என்று ஊர் ஊராய்ச் சடங்கு நடக்கும். இந்தக் கோயில்கள் பலவற்றில் வருசத்தின் மற்ற நாட்களில் பூட்டுத்தான். சடங்கு நாட்களில் ‘கண்ணகி வழக்குரை’ படிப்பார்கள். கடைசி இரவு குளிர்த்தி.

குளிர்த்தி பார்க்கப் போயிருந்தபோது எங்கள் கூட்டத்தில் ஒருத்தி தன் அம்மம்மாவிடம் கேட்டாள்: “இது அம்மாளுக்கா, மழைக்கா?”

“ரெண்டும் ஒண்டுதான் புள்ள. அவ குளிர்ந்தா ஊர் குளிரும்.”

இந்தப் பதில் எங்களை விடவில்லை. மழைத் தெய்வம் என்றதும் எங்களுக்கு ஞாபகம் வந்ததெல்லாம் ஆயுதம் தூக்கிய ஆம்பிளைகள். வேதத்து இந்திரன் தண்ணீரை அடைத்து வைத்திருந்த விருத்திரனை வச்சிராயுதத்தால் கொன்று ஆறுகளை ஓட விடுகிறான். சிரியாக் கரையின் உகரித் நகரத்துக் களிமண் பலகைகளில் மழைக்குரிய பாகால், சாவின் தெய்வமான மோத்துடன் மோதுகிறான். யொரூபா மக்களின் சாங்கோவுக்குக் கையில் இரட்டைக் கோடரி, வாயில் இடி. எல்லாம் சண்டைக் கதை. கண்ணகிக் கதையில் மழைக்காகச் சண்டை ஏதும் இல்லை. பிழையான தீர்ப்பு ஒன்று இருக்கிறது. அதற்காக ஒரு பெண் எரிகிறாள், அதோடு மழையும் நின்றுபோகிறது.

இதை நாங்களாகச் சொல்லவில்லை. சிலப்பதிகாரத்தின் முன்பகுதியில் ‘உரைபெறு கட்டுரை’ என்று ஒரு சின்னப் பகுதி உண்டு. பாடசாலையில் அதைத் தாண்டிப் போய்விடுவோம். கதை முடிந்த பிறகு நடந்ததை அது சொல்கிறது. பாண்டிய நாட்டில் மழை இல்லை, வறுமை, நோய். கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு விழா எடுக்கிறான், மழை வருகிறது. இதைக் கேள்விப்பட்டு இலங்கையின் கயவாகு மன்னனும் அவளுக்குப் பலிபீடம் அமைத்து ஆடி மாதம் விழா எடுக்க, அவன் நாட்டிலும் மழை பிழைக்காமல் பெய்ததாம். எங்கட ஊர்க் குளிர்த்தியைப் போலவே இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தைய மன்னனுக்கும் கண்ணகி மழைக் கணக்கில்தான் தெய்வம். கண்டி எசல பெரஹரவில் பத்தினி தேவாலயத்து ஊர்வலமும் போவதைப் பார்த்திருப்பீர்கள். எசல என்றால் எங்கட ஆடியை ஒட்டிய மாதம். ஆடியை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், நாங்கள் வைகாசிக்கு வந்துவிட்டோம்.

அந்தக் கட்டுரையில் எங்களுக்குத் தொண்டையில் சிக்கிய இடம் ஒன்று உண்டு. செழியன் எடுத்த விழா வெறும் பூவும் பொங்கலும் இல்லை. ஆயிரம் பொற்கொல்லர்களை அவன் பலி கொடுக்கிறான். பொய் சொன்னது ஒரு பொற்கொல்லன், தீர்ப்புச் சொன்னது ஒரு ராசா. ராசாவின் வாரிசு மழை வாங்கிய விலையோ, அந்தத் தொழில் செய்ததைத் தவிர வேறு குற்றம் செய்யாத ஆயிரம் பேர். வரலாறா கற்பனையா என்று விவாதிக்கலாம். எழுதியவர் அதை ஒரு சங்கடமும் இல்லாமல் எழுதிவிட்டுப் போவதுதான் எங்களைக் குடைகிறது.

மெக்சிக்கோவின் திலாலோக்கிடம் போனால் இதே பில்தான், இன்னும் கொடூரமாக. அஸ்டெக் மக்களின் மழைத் தெய்வம் அவன். குழந்தைகளின் கண்ணீர் மழையை அழைக்கும் என்று நம்பினார்கள். மெக்சிக்கோ நகரத்தின் நடுவில் அவர்களின் பெரிய கோயிலைத் தோண்டியபோது ஒரே குழியில் 42 குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. (திலாலோக்கின் சிலை என்று சொல்லப்படும் ராட்சதக் கல் ஒன்றை, நூற்றைம்பது தொன்னுக்கு மேல், 1964 ஏப்ரலில் கிராமத்திலிருந்து நகரத்து நூதனசாலைக்குக் கொண்டுவந்தார்கள். கிராமத்துச் சனம் விடமாட்டோம் என்று மறித்தது. சிலை நகரத்துக்குள் வந்த இரவு, கோடை நடுவில், மழை கொட்டித் தள்ளியதாம்.) இராமாயணத்தில் அங்க நாட்டு மன்னனுக்கு மழை வேண்டும் என்பதற்காக, பெண்ணையே கண்டிராத ரிசியசிருங்கனைக் கணிகையரை விட்டு ஏமாற்றிக் கூட்டி வருகிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கொடும்பாவி கட்டித் தெருவெல்லாம் இழுப்பார்கள். அதில் அடி வாங்குவது வைக்கோல் பொம்மை என்பதால் மனசு கொஞ்சம் ஆறுகிறது.

இந்த வரிசையில் எங்கட குளிர்த்தியை வைத்துப் பாருங்கள். அது வழக்குரையின் முடிவோடு ஒட்டி வருகிறது. மதுரையை எரித்த பிறகும் அவளுடைய சூடு தணியவில்லை. தணிக்க வேண்டும். எதனால்? தண்ணீர், வேப்பிலை, பாட்டு. கட்டாடியார் குளிர்த்தி நீரை அள்ளித் தெளிக்கும்போது சனம் முண்டியடிக்கும், தலையில் ஒரு துளி விழட்டும் என்று. யாரையும் பிடித்துக் கொடுக்கவில்லை. ஆயிரம் பேரின் உயிரால் தணிந்ததாக எழுதப்பட்ட கோபத்தை, ஒரு குடம் தண்ணீரால் தணிக்கலாம் என்று எங்கட சனம் எப்பவோ முடிவெடுத்திருக்கிறது. ‘மழைக்காவியம்’ என்றே பெயர் வைத்து அம்மனிடம் மழை கேட்கும் பாட்டும் இந்த மண்ணில் உண்டு. வி.சீ. கந்தையா பண்டிதர் 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதியிராவிட்டால், 1968இல் வழக்குரையைப் பதிப்பித்திராவிட்டால், இதில் எவ்வளவு எங்கட கைக்கு வந்திருக்கும்?

வராமலே போயிருக்கவும் கூடும். 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கண்ணகியைச் சமணச் செட்டிப் பெண் என்று சொல்லி அந்த வழிபாட்டைக் கண்டித்தார். யாழ்ப்பாணத்தில் கண்ணகி கோயில்கள் பல வேறு அம்மன்களின் பெயருக்கு மாறின. வாவிக்கரைச் சனம் அதைப் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கொம்பு விளையாட்டு மட்டும் அருகிவிட்டது. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும், ஒன்று கோவலன் பக்கம், மற்றது கண்ணகி பக்கம். இரண்டு வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, ஒன்று முறியும்வரை கயிறு கட்டி இழுப்பார்கள். மழை வரவும் நோய் போகவும்தான் இந்த இழுவை. சிங்கள ஊர்களில் இதுவே அங்கெளிய. அங்கேயும் ஒரு பக்கம் பத்தினி, மறுபக்கம் அவள் புருசன் பாலங்க. அந்தக் காலத்தில் இரண்டு பாசையிலும் ஒரே தெய்வத்திடம்தான் மழை கேட்டிருக்கிறார்கள். காத்தான்குடியில், ஏறாவூரில் மழை பிந்தினால் முஸ்லிம்கள் திறந்த வெளியில் மழைத்தொழுகை தொழுவார்கள். அல்லாஹ்விடம் கேட்கிற மழைக்கும் எல்லோருடைய வயலும் ஒன்றுதான்.

அம்மம்மாவிடம் எங்கட ரெண்டாவது கேள்வி: “மழை கூடிப்போனா யார்ட்ட கேக்கிற?” அவ உடனே பதில் சொல்லவில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளி இரவைப் பற்றிச் சொன்னா, கூரை போன கதை. பிறகு 2011 சனவரி வெள்ளம், அறுவடைக்கு நின்ற வேளாண்மை தண்ணிக்குள் கிடந்து முளைத்த கதை. “அதுக்குப் பாட்டு இல்ல மனே. அதுக்கு முகத்துவாரம் வெட்டோணும்.”

உண்மைதான். மாரியில் வாவி நிரம்பினால் கடலோடு சேரும் வாயை மணல் திட்டு அடைத்திருக்கும். அதை வெட்டினால் வயல் வெள்ளம் கடலுக்கு வடியும், வேளாண்மைக்காரர் தப்புவார்கள். அவசரப்பட்டு வெட்டினால் மீனும் இறாலும் தண்ணீரோடு போய்விடும், மீன்பிடிகாரர் வீட்டில் அடுப்பு எரியாது. மழைக்கு யார் விலை குடுப்பது என்கிற அதே கேள்விதான், இப்போது கச்சேரியில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். அடுத்த மாரியில் எங்களில் ரெண்டு பேர் போய் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்கப் போகிறோம். ஒருத்தியின் அப்பா வேளாண்மை, மற்றவனின் மாமா வாவியில் வலை வீசுகிறவர்.