சுவாமி அபிஷிக்தானந்தர்

சுவாமி அபிஷிக்தானந்தர் (1910–1973) கத்தோலிக்கத் துறவியாக இருந்துகொண்டே அத்வைத சாதனையில் இறங்கியவர். இயற்பெயர் ஆன்றி லெ சோ. பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் பிறந்து, 1929இல் ஆசீர்வாதப்பர் சபையின் கெர்கோனான் மடத்தில் சேர்ந்தார். 1948இல் தமிழ்நாட்டுக்கு வந்து, குளித்தலையில் குருவாகப் பணியாற்றிய ஜூல்ஸ் மொன்ஷானினுடன் இணைந்தார்.

திருவண்ணாமலைதான் அவருடைய வாழ்வைத் திருப்பியது. 1949 சனவரியில் அங்கே ரமண மகரிஷியைக் கண்டார். முதல் தரிசனம் ஏமாற்றமாகவே இருந்தது. பிறகு காய்ச்சலில் கிடந்தபோது, ஆசிரமத்தில் கேட்ட வேதபாராயணமும் மகரிஷியின் தோற்றமும் உள்ளே ஆழ இறங்கியதை அவரே எழுதியிருக்கிறார். 1950 ஏப்ரலில் மகரிஷி மறைந்த பின்னும் மலையின் ஈர்ப்பு குறையவில்லை. 1952 முதல் சில ஆண்டுகள் அருணாசலக் குகைகளில் அவ்வப்போது மௌனமாகத் தங்கினார். 1955இல் திருக்கோவிலூரில் ஞானானந்த கிரி சுவாமிகளைச் சந்தித்துக் குருவாக ஏற்றார்.

இதற்கிடையே, 1950 மார்ச் 21 அன்று மொன்ஷானினும் அவரும் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கியிருந்தனர். சாந்திவனம் என்று வழங்கும் அந்த ஆசிரமத்தின் பெயரே ஒரு கொள்கை: தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு கடவுளை அவர்கள் சத்து, சித்து, ஆனந்தமாக உணர்ந்தனர். காவி உடுத்தி, மரக்கறி உண்டு வாழ்ந்தனர்.

1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கம் கண்ட வள்ளலார் சமய பேதங்களைக் கடந்த பொதுநெறியை நாடினார். அபிஷிக்தானந்தர் சென்ற வழி வேறு. ஆன்ம விசாரத்தில் மூழ்கியபோதும் திருப்பலியை அவர் கைவிடவில்லை. எல்லாம் ஒன்றே என்ற அனுபவமும், கடவுளைத் தந்தையென அழைக்கும் நம்பிக்கையும் மோதிய வேதனை, அவர் மறைவுக்குப் பின் 1986இல் வெளியான நாட்குறிப்பில் பக்கம் பக்கமாகத் தெரிகிறது. அந்த மோதலை எளிய சமரசமாக மழுப்ப மறுத்த நேர்மையே அவருடைய சாதனையின் உயிர்நாடி.

1968இல் சாந்திவனத்தை ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸிடம் ஒப்படைத்துவிட்டு இமயப் பகுதிக்குச் சென்றார். 1973 டிசம்பர் 7 அன்று இந்தூரில் காலமானார். சாந்திவனம் போன்ற ஆசிரமங்கள் மதமாற்றத்துக்கான வேடம் என்று இந்துக்கள் சிலரும், திருச்சபையின் போதனையிலிருந்து விலகுபவை என்று கத்தோலிக்கர் சிலரும் சாடியதுண்டு. கிரிபித்ஸ் காலத்தில் சாந்திவன வழிபாட்டில் விவிலியத்துடன் உபநிடதமும் கீதையும் வாசிக்கப்பட்டன. தமிழ் பஜனையும் கற்பூர ஆரத்தியும் நடந்தன. நெற்றியில் காலையில் சந்தனமும் நண்பகலில் குங்குமமும் மாலையில் திருநீறும் இட்டுக்கொள்வது அங்கே வழக்கமாயிற்று.